வினாவிடையாகிப்போன நாட்டு நடப்பு

நாட்டு நடப்பை அறிதல் நல்லது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. பத்திரிகை வாசிக்காத மாணவனைக் கடிந்துகொள்ளாத ஆசிரியரும் இல்லை. ஆனால் இன்று நம் இளைஞர்கள் ‘நடப்பு நிகழ்வுகள்’ என்ற பெயரில் நாள்தோறும் மனனம் செய்துகொண்டிருப்பது நாட்டு நடப்பு அன்று. நாட்டு நடப்பிலிருந்து மனிதரையும் காரணத்தையும் கழித்துவிட்டு, எஞ்சியதைப் பொடியாக்கி, நான்கு விடைகளுள் ஒன்றாக உருட்டித் தரும் ஒருவகை மாத்திரை அது. அந்த மாத்திரையைத் தயாரிப்போர் வணிகர். உட்கொள்வோர் வேலையற்ற பட்டதாரிகள். உட்கொண்டு தேறியவர்களால் நாளை ஆளப்படப்போவோர் நாம். ஆகவே இது பரீட்சார்த்திகளின் சொந்த விடயம் என்று வாளாவிருத்தல் நமக்கு ஆகாது.

இம்முறையின் தலைமைப்பீடம் இந்தியா. அங்கே குடிமைப் பணித் தேர்வின் முதற்கட்டத்தில் பொது அறிவுத் தாளுக்கு 100 வினாக்கள். இரண்டு மணி நேரம். பிழையான விடை ஒன்றுக்கு அவ்வினாவுக்குரிய புள்ளியில் மூன்றிலொரு பங்கு கழிக்கப்படும். அத்தாளின் பாடத்திட்டத்தில் முதலில் நிற்பது, தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள் என்னும் வரி. அந்த ஒரு வரியை நம்பி டில்லியிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஒரு கைத்தொழிலே எழுந்து நிற்கிறது. காலைப் பத்திரிகை வெளிவந்த சில மணி நேரத்துள் அதன் சாரம் ‘இன்றைய நடப்பு’ என்று கைத்தொலைபேசிகளுக்குப் போய்ச் சேர்கிறது. மாலையில் அதன்மீது வினாக்கள். வார இறுதியில் ஒரு தொகுப்பு. மாத இறுதியில் தொகுப்புகளின் தொகுப்பு. பரீட்சை நெருங்கும்போது ஓராண்டுத் தொகுப்புகளையெல்லாம் திரும்பத் திரும்ப ஓதும் மீள்பார்வை.

இந்தச் சாரம் எவ்வாறு பிழியப்படுகிறது என்பதைச் சற்று நோக்குவோம். ஒரு செய்தியில் என்ன நடந்தது என்பது மட்டும் இருப்பதில்லை. யாருக்கு நடந்தது, ஏன் நடந்தது, அதனால் இலாபம் அடைந்தவர் யார், அதை மறுத்துரைப்பவர் யார் என்பனவும் அதில் உண்டு. குறிப்பெழுதுவோன் முதலில் வெட்டுவது ‘யாருக்கு’ என்பதை. பதவியில்லாத மனிதரின் பெயர் பரீட்சையில் வராது. அடுத்து வெட்டுவது ‘ஏன்’ என்பதை. காரணம் விவாதத்துக்குரியது, விவாதத்துக்குரியதை நான்கு விடைகளுள் ஒன்றாக அடைக்க முடியாது. மறுப்பாளரும் இலாபம் அடைந்தோரும் இதே நியாயத்தால் ஒழிந்துபோவர். மிஞ்சுவன திட்டத்தின் பெயர், சட்டத்தின் இலக்கம், ஆண்டு, இடம், ஏதேனும் ஒரு சர்வதேசப் பட்டியலில் நாட்டின் வரிசை எண். எங்கள் கரையில் மீனைக் கருவாடாக்குவோர் குடலை நீக்கிவிட்டுச் சதையை உலர்த்துவர். இவர்களோ சதையை எறிந்துவிட்டு முள்ளை உலர்த்தி விற்கின்றனர்.

இந்தியப் பரீட்சைக்கும் மன்னார்க் கரையோரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு இருவகைப்பட்டது. ஒன்று, அந்தக் குறிப்புகளுக்குள் நாம் வந்துபோகிறோம். மற்றொன்று, அந்தக் குறிப்புகள் நம்மிடையே வந்து குடிகொண்டுவிட்டன.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். திருக்கேதீஸ்வரம் என்ற பெயர் இந்தியப் பரீட்சார்த்தியின் குறிப்பேட்டில் ஏறுவதற்கு முழுத் தகுதியும் கொண்ட செய்தி ஒன்று 2022இல் உண்டாயிற்று. இந்திய அரசாங்கத்தின் நிதியுதவியுடன், இந்தியத் தொல்லியல் துறையினதும் மாமல்லபுரம் அரசினர் சிற்பக்கலைக் கல்லூரியினதும் துணையோடு ஆலயத்தின் கருங்கற்றிருப்பணி நிறைவேறி, அவ்வாண்டு ஜூலை 6ஆந் தேதி குடமுழுக்கு நடைபெற்றது. இதில் நிறுவனத்தின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, அயலுறவுக் கொள்கை உண்டு. வினாத் தயாரிப்போனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே ஊரின் பெயர் வேறொரு செய்தியிலும் அடிபட்டது. 2013 டிசம்பரில், ஆலயத்துக்கு அண்மையில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்கு நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்து வந்த மாதங்களில் எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே எடுக்கப்பட்டன. அது பழைய மயானம் என்றனர் சிலர். காணாமற் போனோரின் உறவினர் அதனை ஏற்கவில்லை. 2018இல் மன்னார் நகரத்துச் சதொச வளாகத்தில் கட்டட வேலைக்காக நிலம் அகழப்பட்டபோது முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. மாதிரிகள் அமெரிக்காவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை பல நூற்றாண்டுகள் பழையன என்ற கணிப்பு 2019இல் வந்தது. அந்தக் கணிப்பும் கேள்விக்குள்ளாயிற்று. இச்செய்தியை நடப்பு நிகழ்வாக்கினால் எப்படி இருக்கும்? ‘மன்னார் எலும்பு மாதிரிகளின் காலம் எந்த நாட்டில் கணிக்கப்பட்டது?’ என்று ஒரு வினா. நான்கு நாடுகளின் பெயர்கள். ஒன்றுக்குக் குறியிட்டால் இரண்டு புள்ளி. தன் மகனின் பல்லோ வளையமோ அந்தக் குழியில் இருக்குமோ என்று வேலிக்கு வெளியே நின்று பார்த்த தாய்க்கு அந்த நான்கு விடைகளில் எதிலும் இடமில்லை.

கடலை நோக்குவோம். கச்சதீவு, பரப்பு 285 ஏக்கர், ஒப்பந்தம் 1974, கடலெல்லை பற்றிய அடுத்த ஒப்பந்தம் 1976, அந்தோனியார் திருவிழா: இவற்றைத் தமிழ்நாட்டுப் பரீட்சார்த்தி தூக்கத்திலும் சொல்லுவார். ஆனால் இந்த நீரிணையில் இன்றைக்கு நடக்கும் போராட்டம் 285 ஏக்கரைப் பற்றியது மட்டுமா? இழுவைப் படகு கடலடியை வாரிச் செல்லும்போது மீன் மட்டுமா போகிறது? குஞ்சும் குருமனும், மீன் இனம்பெருகும் தரையும், குறுக்கே கிடக்கும் எங்கள் கடற்றொழிலாளரின் வலையும் சேர்ந்தே போகின்றன. போர்க்காலத்தில் கடற்படையின் தடைகளால் எங்கள் கடற்றொழிலாளர் கரையில் முடங்கிக் கிடந்தனர். 2009க்குப் பின் கடன்பட்டு வலை வாங்கித் திரும்பியபோது, இழுவை மடிகள் அங்கே வழக்கமாகிவிட்டிருந்தன. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தது. மறுகரையில் அந்தப் படகுகளில் கூலிக்குச் சென்று சிறைப்படுபவனும் ஏழை. இக்கரையில் வலை அறுபட்டு நிற்பவனும் ஏழை. பிடித்து வந்த இறாலின் இலாபம் இருவருக்கும் உரியதன்று. இரு கரையிலும் தமிழ் பேசும் உழைப்பாளிகள் ஒருவரையொருவர் பகைப்பது ஏன் என்ற கேள்விதான் இங்கே உயிரான கேள்வி. அதைக் கேட்கும் பரீட்சைத் தாளை நான் இன்னும் காணவில்லை.

இனிக் காற்று. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ மின்நிலையம் திறக்கப்பட்டது. அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் மின்னுற்பத்திக்கு இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வந்தது; சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன; மின்சாரத்துக்குக் குறித்த விலையைப் புதிய அரசாங்கம் மீளப் பேச முனைந்ததும் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்க, வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க அரசாங்கம் இணங்கியது. புதுப்பிக்கத்தக்க சக்தி தேவையில்லை என்று இம்மக்கள் சொல்லவில்லை. தாழ்ந்த தீவில் மழைநீர் வடியும் வழி அடைபடுவதையும், கரைவலை இழுக்கும் இடம் சுருங்குவதையும், மத்திய ஆசிய வான்வழியில் வரும் வலசைப் பறவைகளின் தங்கிடம் கலைவதையும் பற்றியே பேசினர். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் எந்த மாவட்டத்தில் உள்ளது என்ற வினாவுக்கு விடை எழுதத் தெரிந்த ஒருவர், நாளை அந்த மாவட்டத்திலேயே அதிகாரியாகி அமர்ந்து, இந்த மனிதரை ‘அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்போர்’ என்று அறிக்கை எழுதுவாராயின், அவர் படித்த நடப்பறிவு யாருக்குப் பயன்பட்டது?

*

இரண்டாவது தொடர்பு இன்னும் கவலைக்குரியது. இலங்கையிலும் நிருவாக சேவைக்கு, ஆசிரியர் சேவைக்கு, சட்டக் கல்லூரி நுழைவுக்கு என்று பொது அறிவின் வாயிலாகவே கதவு திறக்கிறது. தமிழில் ஆயத்தம் செய்யும் எங்கள் பிள்ளைக்குக் கைத்தொலைபேசியில் கொட்டிக்கிடப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தேர்வர்களுக்கென எழுதப்பட்ட குறிப்பு. ஆகவே, மன்னாரில் இருந்துகொண்டு இந்திய மாநிலங்களின் நலத்திட்டப் பெயர்களை ஒப்புவிக்கும் மாணவரை நான் வகுப்பில் காண்கிறேன். அயல்நாட்டை அறிவது குற்றமன்று. ஆனால் அதே மாணவரிடம், கட்டுக்கரைக் குளத்து நீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யார் யார் அமர்கின்றனர், குத்தகைக்கு உழுபவனுக்கு அங்கே குரல் உண்டா என்று கேட்டால், “அது பரீட்சைக்கு வருமா?” என்றே திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு நமது பள்ளிக்கூடங்கள் கற்றுக்கொடுத்த ஒரே அளவுகோல் அது.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ ஃபிரெய்ரே, மாணவனின் தலையை வெற்றுப் பெட்டியாகக் கருதி அதில் ஆசிரியர் பணத்தைப்போல அறிவை வைப்பிலிடும் கல்வியைக் கண்டித்தார். அன்றாட நடப்புக் குறிப்பு அதனினும் ஒருபடி கீழானது. வைப்பிலிட்ட பணம் வட்டியாவது தரும். இந்தக் குறிப்போ பரீட்சை மண்டபத்தின் வாயிலைக் கடந்ததும் செல்லாக்காசாகிவிடுகிறது. சென்ற ஆண்டின் நடப்பு இந்த ஆண்டு வினாவாகாது. ஆகவே அதை மறந்துவிடுவதே புத்திசாலித்தனம். வரலாற்றை மறப்பதற்கு இளைஞரை இவ்வளவு முறையாகப் பழக்கும் வேறொரு கல்விமுறை உண்டோ?

*

பரீட்சையே கூடாது என்பது எமது வாதமன்று. போட்டிப் பரீட்சை ஒருகாலத்தில் முற்போக்கான நிறுவனமாகவே பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தம் உறவினருக்கும் நண்பரின் மக்களுக்கும் உத்தியோகங்களைப் பங்கிட்ட முறையை ஒழித்து 1855இல் இலண்டனில் இந்தியக் குடிமைப் பணிக்கு முதற் பரீட்சை வைக்கப்பட்டது. ஆயினும் கதவைத் திறந்தவர்கள் சாவியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். இந்தியாவை ஆளப்போகிறவருக்குக் கிரேக்கத்தில் 750 புள்ளி, இலத்தீனில் 750 புள்ளி. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375 மட்டுமே. இந்தியர் தேறத் தொடங்கியதும் 1870களின் பிற்பகுதியில் வயதெல்லை 21இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டது. இந்திய மண்ணிலேயே அப்பரீட்சை நடப்பதற்கு 1922 வரை காத்திருக்க நேர்ந்தது. எதனை அறிவு என்று பரீட்சை கொள்கிறதோ, அதில் யார் ஆளவேண்டும் என்ற தீர்மானம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கையில் 1875இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். ஆனால் அவர் பெயர் நிலைத்திருப்பது பரீட்சையில் தேறியதற்காக அன்று. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, எண்களுக்குப் பின்னாலுள்ள மக்களின் வாழ்வையும் வழக்கத்தையும் நம்பிக்கையையும் விரிவான அறிக்கையாக எழுதினார். பின்னாளில் தொழிலாளர் நலனுக்காகச் சங்கம் அமைத்தார். ஆங்கிலேயரான லெனாட் வூல்ஃப் 1904இல் இங்கே உத்தியோகத்துக்கு வந்தவர். 1906இல் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமை புரிந்தவர். அவரும் ஏகாதிபத்தியத்தின் ஊழியரே. எனினும் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமங்களில் நடந்தும் குதிரையேறியும் திரிந்து, வரியும் கடனும் நோயும் ஒரு குடியானவனை எப்படி அழிக்கின்றன என்று கண்டார். அவர் 1913இல் வெளியிட்ட நாவல் அதன் விளைவு. அவர் அதனைக் கற்றது கேம்பிரிட்ஜில் அன்று. எந்தப் பரீட்சைத் தாளிலும் அன்று.

சுதந்திரத்தின் பின் 1963 மே மாதம் முதலாந் தேதி பழைய சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிருவாக சேவை பிறந்தது. இந்தியாவில் 1979இல் கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி முதற்கட்டப் பரீட்சை புகுந்தது. கிரேக்கமும் இலத்தீனும் போயின. நல்லது. ஆனால் அவை விட்டுச்சென்ற ஆசனத்தில் இன்று வந்து அமர்ந்திருப்பது நாள்தோறும் மாறும் துணுக்கு. சீனப் பேரரசின் பரீட்சை முறை பல நூற்றாண்டுகள் நிலைத்து, இறுதியில் ‘எட்டுக்கால் கட்டுரை’ என்னும் இறுகிப்போன வடிவத்துள் அறிஞரைச் சிறையிட்டு, 1905இல் ஒழிந்தது. வடிவத்தில் தேர்ந்தவர்கள் உலகத்தை அறியாதிருந்தமையால் அந்தப் பேரரசு பட்ட பாடு வரலாறு அறிந்ததே.

*

எம்மை மறுப்போர் சொல்லும் நியாயங்களையும் ஆராய்தல் வேண்டும்.

தகவல் இன்றி ஆராய்ச்சி ஏது என்பது ஒரு நியாயம். உண்மை. ஒப்பந்தம் 1974இலா 1976இலா என்று அறியாதவர் கடலெல்லையைப் பற்றி உரைநிகழ்த்தப் புகுவது கேலிக்கூத்து. ஆனால் செங்கல் இல்லாமல் வீடு இல்லை என்பதால் செங்கற்குவியலை வீடு என்று ஒப்புவோமா? நாம் கேட்பது தகவலைக் குறைக்கும்படி அன்று. அதைக் காரணத்தோடு கட்டும்படி.

விடைத்தாளைத் திருத்துவதில் பாரபட்சம் வராதிருக்க நான்கில் ஒன்றே வழி என்பது மற்றொன்று. இலங்கையில் தமிழராகிய நாம் பாரபட்சத்தைப் பற்றி இலேசாகப் பேச முடியாது. புள்ளிகளைத் தரப்படுத்திய 1970களின் காயம் இன்னும் ஆறவில்லை. இயந்திரம் திருத்தும் தாளில் இனம் பார்க்க முடியாது என்ற ஆறுதலின் பெறுமதி எமக்குத் தெரியும். ஆனால் பாரபட்சம் திருத்தும் கையில் மட்டும் இருப்பதில்லை. எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் மூளையிலும் இருக்கிறது. மன்னாரின் பெயர் காற்றாலையின் மெகாவாட்டாக மட்டும் வினாத்தாளில் இடம்பெறுமானால், திருத்துவது இயந்திரமாயினும் பாரபட்சம் பாரபட்சமே.

மூன்றாவது நியாயமே வலியது. வசதியற்ற பிள்ளைக்கு, ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு, நூலகம் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு, இலவசமாக வரும் இந்தத் தமிழ்க் குறிப்பே துணை. அதைப் பழிப்பது வயிறு நிறைந்தவரின் வாதம் என்கின்றனர். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர் எவரும் இந்தக் குற்றச்சாட்டை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எனினும் கேட்போம்: ஏழைப் பிள்ளைக்கு உதவுவதாகச் சொல்லும் இந்தக் குறிப்பு, அந்தப் பிள்ளையிடம் இருக்கும் ஒரே சொத்தை மதிப்பற்றதாக்கிவிடுகிறதே, அது உதவியா? நகரத்துக் கனவானின் மகனுக்கு இல்லாத அறிவு ஒன்று எங்கள் மாணவரிடம் உண்டு. கடன் எப்படி வளரும் என்று அவர் வீட்டிலேயே கண்டிருக்கிறார். இடம்பெயர்வு என்றால் என்ன, முகாம் என்றால் என்ன, காணிக்கு உறுதி இல்லை என்றால் கச்சேரியில் என்ன நடக்கும் என்று அறிந்திருக்கிறார். நேர்மையான பரீட்சை ஒன்று இருந்தால் அங்கே அவர் முந்தியிருப்பார். துணுக்குப் பரீட்சையிலோ, அதிக நேரமும் அதிகப் பணமும் செலவிட்டு அதிகத் துணுக்கைத் திணிக்க முடிந்தவரே முந்துவார். ஏழையின் பெயரால் ஏழையைத் தோற்கடிக்கும் தந்திரம் இது.

*

இந்த நோயின் வேர் எங்கே? மாணவரின் சோம்பலில் இல்லை. குறிப்பு எழுதி விற்போரின் பேராசையில் மட்டும் இருப்பதாகவும் நான் கருதவில்லை. இந்தியாவில் 2024ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்கு ஏறத்தாழ 9,92,000 பேர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 5,83,000 பேர் முதற்கட்டத்தை எழுதினர். முடிவில் பரிந்துரைக்கப்பட்டோர் 1,009 பேர். விண்ணப்பித்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர்! இவ்வளவு பேரை இவ்வளவு சிறிய துளையால் வடிகட்டும்போது, பரீட்சையின் வேலை தகுதியானவரைக் கண்டுபிடிப்பது அன்று. மிகுதியானோரை விரைவாகக் கழித்துவிடுவதே. கழிப்பதற்குத் துணுக்கு வினா தக்க கருவி. கழிக்கப்பட்டவரோ குற்றம் தம்முடையது என்று நம்பி, “இன்னும் கூடுதலாக மீள்பார்வை செய்திருக்க வேண்டும்” என்று மறுவருடமும் அமர்கிறார். வேலை தராத சமுதாயத்தின் தோல்வியை, வேலை கிடைக்காத தனிமனிதனின் தோல்வியாக மாற்றிக்காட்டும் மாயம் இது.

2024 ஜூலை 27ஆந் தேதி டில்லியின் பழைய ராஜீந்தர் நகரில், பயிற்சி நிலையம் ஒன்று நிலக்கீழ்த் தளத்தில் வைத்திருந்த நூலகத்துள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர் மாண்டனர். நாட்டை நிருவகிக்கப் பயின்றவர்கள், ஒரு நகரத்தின் வடிகாலைக்கூட நிருவகிக்காத நிருவாகத்துக்குப் பலியாயினர். அந்த மரணத்தின் காரணங்களான நில வாடகை, சட்டத்தை மீறிய கட்டடப் பயன்பாடு, தூர் எடுக்காத வடிகால், கண்ணை மூடிய அதிகாரி ஆகியவற்றை ஆராய்வதே உண்மையான நடப்பறிவு.

இலங்கைக்கும் இது புதிய கதையன்று. படித்து வேலையற்றிருந்த கிராமத்து இளைஞரின் கோபம் 1971 ஏப்ரலில் எப்படி வெடித்தது, எப்படி இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது என்பதை நாடு அறியும். அதன் பின்னர் 1972இல் பாடத்திட்டத்தைத் தொழிலோடு இணைக்கும் சீர்திருத்தம் வந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. ரொனால்ட் டோர் என்னும் ஆங்கிலச் சமூகவியலாளர் 1976இல் வெளியிட்ட ‘சான்றிதழ் நோய்’ பற்றிய நூலில், யப்பான், இங்கிலாந்து, கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் உதாரணமாகக் கொண்டார். கல்வி, கற்பதற்காக அல்லாமல் சான்றிதழுக்காக ஆகிவிடும் நோய், பிந்தி வளரும் நாடுகளையே கடுமையாகப் பற்றும் என்பது அவர் முடிவு. ஐம்பது ஆண்டுகள் சென்றன. நோய் தணியவில்லை, அன்றாட மாத்திரையாகக் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது.

*

இதில் நமக்கு என்ன நட்டம் என்று எவரேனும் கேட்டால், பிரதேச செயலகம் ஒன்றின் வாசலுக்கு அழைத்துச் சென்று காட்டுவேன். காணாமற் போனோர் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாயிற்று என்பதைச் சரியாகக் குறித்துத் தேறியவர் உள்ளே அமர்ந்திருக்கிறார். பல ஆணைக்குழுக்களுக்கு முன்னால் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி நா வறண்ட தாய் வெளியே நிற்கிறார். அரசியலமைப்பின் 13ஆந் திருத்தம் 1987இல் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். சிங்களத்தில் மட்டும் அச்சான படிவத்தை வைத்துக்கொண்டு விழிக்கும் கிழவர் வெளியே நிற்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர் என்ற ஆண்டும் மாதமும் உள்ளே இருப்பவர் அறிந்தவை. பாதி வாழ்நாளைப் புத்தளத்து முகாமில் கழித்துத் திரும்பி வந்து, தன் காணி காடாகிப் பின் சரணாலய எல்லைக்குள்ளும் போய்விட்டது என்று முறையிடுபவர் வெளியே நிற்கிறார். இந்த மூன்று மனிதருக்கும் அந்த மேசைக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த மீள்பார்வையும் குறைக்கப்போவதில்லை. ஆளப்படுவோரை அறியாமலே ஆளத் தகுதி பெறலாம் என்று சான்றிதழ் வழங்குவதே இந்தப் பரீட்சையின் பெருந்தீமை.

உள்ளே அமர்ந்திருப்பவரும் எங்கள் வகுப்பிலிருந்து போனவர் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. கடற்றொழிலாளியின் மகளாக, குத்தகை உழவனின் மகனாக அவர் நம்மிடம் வந்தார். அவர் தெரிந்துவைத்திருந்ததை மறக்கச் செய்து, தெரிய வேண்டாததை ஏற்றி அனுப்பிய வரிசையில் பள்ளிக்கூடமும் நிற்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது யாது? பரீட்சைத் திணைக்களத்திடமும் பொதுச் சேவை ஆணைக்குழுவிடமும் நம் ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டியவை உண்டு. நடப்பறிவு வினா, ஒரு செய்தியைத் தந்து அதன் காரணத்தையும் அதனால் பாதிக்கப்படுவோரையும் தமிழிலோ சிங்களத்திலோ எழுதச் சொல்லும் வினாவாக மாறவேண்டும். தேறியவர் கதிரையில் அமருமுன் கிராமத்தில் மாதக்கணக்கில் தங்கி, ஒரு குளத்தின், ஒரு துறையின், ஒரு மீள்குடியேற்றத்தின் வரலாற்றை எழுதிக் கொடுக்கவேண்டும். திருத்துவதற்குக் காலம் அதிகம் செல்லும் என்பார்கள். செல்லட்டும். தவறான அதிகாரியை முப்பது ஆண்டுகள் சுமப்பதைவிடச் சில மாதம் கூடுதலாகத் திருத்துவது மலிவு.

மேலே உள்ளோர் அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. இந்த நாட்டில் தமிழர் ஊர்தோறும் வாசிகசாலை கண்டவர்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாதவரும் சுற்றியிருந்து கேட்டு வாதிட்ட திண்ணைகள் அவை. அங்கே நடப்பறிவு இருந்தது. நான்கு விடைகள் இருக்கவில்லை. அந்த மரபைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவோம். நாளுக்குப் பத்துத் துணுக்கு வேண்டாம். வாரத்துக்கு ஒரு செய்தி போதும். இரண்டு மொழிப் பத்திரிகைகளில், முடிந்தால் மூன்றில், அதே செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுவோம். யாருக்கு நடந்தது, ஏன் நடந்தது, யாருக்கு இலாபம், யார் மறுக்கிறார், முன்னர் இது எப்போது நடந்தது என்று ஐந்து கேள்விகளை மாணவரே கேட்கட்டும். செய்தி நம்மூரதாயின் அதில் சம்பந்தப்பட்டவரிடம் நேரே போய்க் கேட்கட்டும். அப்படி ஆராய்ந்த ஒரு செய்தியின் ஆண்டும் இலக்கமும் தாமாகவே நினைவில் நிற்கும். பரீட்சையிலும் அவர் தோற்கமாட்டார்.

பரீட்சைக்குப் படிக்கும் தம்பியருக்கும் தங்கையருக்கும் ஒரு சொல். குறிப்பேட்டைக் கிழித்தெறியும்படி நான் சொல்லவில்லை; உங்கள் வீட்டு உலையும் அந்த உத்தியோகத்தை நம்பிக் காத்திருக்கிறது என்பதை அறிவேன். படியுங்கள், தேறுங்கள், அந்தக் கதிரைகளில் நம்மவர் அமரத்தான் வேண்டும். ஆனால் மாத்தோட்டம் என்று ஒருகாலத்தில் உலக வணிகர் வந்திறங்கிய துறைமுகத்தின் மண்ணில் நின்று படிக்கிறீர்கள். அந்த மண்ணில் என்ன புதைந்திருக்கிறது, அதன் கடலில் யார் மீன்பிடிக்கிறார், அதன் காற்றை யார் விலைபேசுகிறார் என்று கேட்காத ஒருவருக்கு இந்த மாவட்டத்தின் முத்திரையைக் கையளிக்க மக்கள் கடமைப்பட்டவர்களல்லர்.